மனோர் பார்க்கில் ஐந்து பெயருக்கு வந்த கடிதங்கள்

தனியாக ஐரோப்பா போய்வந்தவள் என்பதால், தெரிந்தவர்கள் யாராவது பயணம் கிளம்பினால் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். பையை முதுகில் மாட்டாதீர்கள், வயிற்றுப் பக்கமாகத் தொங்கவிடுங்கள் என்பேன். பாரிஸில் அட்டையும் பேனாவுமாக வந்து கையெழுத்துக் கேட்டபடி பையைத் துழாவும் பெண்களை ஏறிட்டும் பார்க்காதீர்கள். லண்டனில் நடைபாதை ஓரம் நின்று கைபேசியில் வழி பார்க்காதீர்கள். சைக்கிளில் வருகிறவன் பறித்துக்கொண்டு போய்விடுவான், ஒரு கடைக்குள் ஏறி நின்று பாருங்கள். எல்லாம் சரியான யோசனைகள்தான், இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் லண்டனில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் செய்த காரியத்தை இவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

நான் திண்டுக்கல்லில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். இறந்துபோனவர் கையெழுத்துப் போட்டிருக்கும் பத்திரத்தைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் பெயரில் தம்பி வந்து நின்று கைரேகை வைத்ததைப் பிடித்திருக்கிறேன். ஆள்மாறாட்டம் என்பது எங்கள் அலுவலகத்தில் தினசரி புழங்கும் சொல். எதிரே உட்காருகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் விரல்களைப் பார்ப்பேன். பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் பேனாவை இறுக்கிப் பிடிப்பான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை.

அதையும் மீறி ரோமில் ஏமாந்தேன். ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் முன் நான் தடுமாறி நின்றபோது, என் வயதுள்ள ஒரு பெண் வந்து உதவினாள். காதில் முத்துக் கம்மல், கையில் தோல் பை. பொறுமையாக ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி டிக்கெட் எடுத்துத் தந்தாள். "இங்கே திருடர்கள் அதிகம், பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று எச்சரிக்கை வேறு செய்தாள். நடைமேடைக்குப் போன பிறகு பார்த்தால் பணப்பை இல்லை. நல்லவேளை, பாஸ்போர்ட் உள்பாடி பையில் இருந்தது. அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கேட்காமல் உதவிக்கு வருகிறவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த முடிவோடுதான் பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயில் ஏறினேன். தங்குவதற்கு மனோர் பார்க்கில் ஒரு வீட்டில் அறை பேசியிருந்தது. அலுவலகத் தோழி ஒருத்திக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர், மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளைகள் வெளியூரில் படிப்பதால் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று தோழி சொன்னாள். இளஞ்சிவப்புக் கோட்டு ரயிலில் ஏறி ஈஸ்ட் ஹாமில் இறங்கினேன். நிலைய வாசலில் ஓட்டுநர் சீருடை மேல்சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"அக்கா, வாங்கோ. பெட்டியைத் தாங்கோ" என்று கையை நீட்டினார்.

நான் வரவேற்க வரச் சொல்லவில்லை. பெட்டியையும் கொடுக்கவில்லை. பேருந்தில் போகும்போது அவர் எவ்வளவோ கேட்டார். எத்தனை நாள் நிற்கிறீர்கள், ஊரில் யார் இருக்கிறார்கள், தனியாகவா வந்தீர்கள். ஜன்னலுக்கு வெளியே நகைக்கடையும் புடவைக்கடையும் தமிழ் எழுத்துப் பலகைகளுமாகத் தெரு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர், "பாஸ்போட் தொலைஞ்சால் பெரிய கரைச்சல் அக்கா. வேணுமெண்டால் எங்கட அலுமாரியில வைச்சுப் பூட்டலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அன்று இரவு பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கும்போது கதவுத் துளை வழியாகத் தபால் விழும் சத்தம் கேட்டது. விரிப்பின் மேல் நான்கு உறைகள் கிடந்தன. பழக்க தோஷம், குனிந்து பெயர்களைப் பார்த்தேன். ஒன்றுகூட வீட்டுக்காரர் பெயரில் இல்லை. அவர் மனைவி பெயரிலும் இல்லை. நான்கும் வெவ்வேறு நான்கு பேருக்கு. முகவரி மட்டும் இந்த வீடு. அதற்குள் சமையலறையிலிருந்து அந்த அம்மா வந்து உறைகளை அள்ளிக்கொண்டு போய் இழுப்பறை ஒன்றில் போட்டு மூடினார்.

"உங்களுக்கு ஏதும் கடிதம் வரவேணுமோ அக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, சும்மாதான் பாத்தேன்."

அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பகலில் பாலங்களையும் அரண்மனையையும் பார்க்கப் போனேன். வலப்பக்கம் நிற்க வேண்டிய மின்படிக்கட்டில் இடப்பக்கம் நின்று திட்டு வாங்கினேன். ஆனால் மனம் அந்த இழுப்பறையிலேயே இருந்தது. சனிக்கிழமை ஒரு பெண் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரர் ஓர் உறையை எடுத்து நீட்ட, அவள் வாங்கிப் பைக்குள் திணித்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். இருவரும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அன்றைக்கே இன்னொரு தபால் வந்தது, ஐந்தாவது பெயருக்கு. வெள்ளை உறை, மூலையில் நீல நிறத்தில் ஏதோ முத்திரை. அந்தப் பெயரை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வீட்டில் யாரும் இல்லாத நேரம் இழுப்பறையைத் திறந்து உறைகளைப் படம் எடுத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. அன்று கூசவில்லை. மதுரையில் இருக்கும் என் அண்ணனுக்குப் படத்தை அனுப்பி, இதுவரை ஐந்து பெயர் என்றும் எழுதினேன். ராமேஸ்வரத்தைத் தாண்டி எங்கும் போகாதவர், ஆனால் உலகத்தில் எங்கே என்ன மோசடி நடக்கிறது என்று அவர் கைபேசிக்குத் தினமும் வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"ஒரே வீட்டுக்கு அஞ்சு பேர்ல லெட்டர்னா என்ன அர்த்தம்? இல்லாத ஆள் பேர்ல அரசாங்கப் பணம் வாங்குறாங்க. நீ எதுலயும் கையெழுத்துப் போடாத. யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. நாளைக்கு போலீஸ் வந்தா நீயும் உள்ள இருப்ப."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அவர் வாயால் கேட்டதும் உறுதியாகிவிட்டது. அவ்வளவு கனிவாகப் பேசுகிற மனிதர்கள். ரோமில் அந்தப் பெண்ணும் கனிவாகத்தான் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை குதிகாலில் கொப்புளம் வந்து, வெளியே போகாமல் வீட்டில் இருந்தேன். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மதியம் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். மழை வரப்போகிற மாதிரி மூட்டமான நாள், அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"அண்ணை நிக்கிறாரோ?" என்றார்.

"இல்ல. நீங்க யாரு?"

"எனக்கொரு கடிதம் வந்திருக்கும். எடுத்துக்கொண்டு போக வந்தனான்."

"பேரு?"

சொன்னார். சனிக்கிழமை வந்த வெள்ளை உறையின் பெயர். எனக்குள் பழைய பத்திர அலுவலகக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க தங்கியிருக்கீங்க?"

"இப்ப... வேற இடத்தில."

"எந்த இடம்? இந்த வீட்டு அட்ரஸ எதுக்குக் குடுத்தீங்க? உங்க பேரு இதுதான்னு காட்ட ஏதாவது அடையாள அட்டை வச்சிருக்கீங்களா?"

அவர் ஒரு அடி பின்னால் போனார். சட்டைப் பையைத் தொட்டார், எதையும் எடுக்கவில்லை. "நீங்கள் ஆர் அம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? அந்தப் பேர்ல இங்க யாரும் கிடையாது. லெட்டரும் கிடையாது."

கதவைச் சாத்தினேன். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். அவர் படியிறங்கி, சுவரில் இருந்த வீட்டு எண்ணைக் கிட்டே போய், மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு வேகமாக நடந்து போய்விட்டார். பேனாவை இறுக்கிப் பிடித்த ஒருவனைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய திருப்தி எனக்கு. தேநீர் போட்டுக் குடித்தேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். காலணியைக் கழற்றுமுன் கேட்டார்:

"அக்கா, ஆரும் வந்தவையோ?"

"இல்லையே" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்.

அவர் கைபேசியை எடுத்து யாரையோ அழைத்தார். மறுபடியும் அழைத்தார். நின்றபடியே இழுப்பறையைத் திறந்து அந்த வெள்ளை உறையைக் கையில் எடுத்துக்கொண்டார். என்னிடமிருந்து மறைக்கவில்லை. "இண்டைக்குப் பின்னேரம் வாறன் எண்டு சொன்னவர். இது கண் ஆஸ்பத்திரிக் கடிதம் அக்கா. போன் அடிச்சால் போகுதில்லை" என்றார்.

"யாரு அவரு? ஏன் இங்க லெட்டர் வருது?" கேட்கும்போது என் குரலில் இன்னும் விசாரணை இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒளிவில்லாமல் சொன்னார். அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் சிலர். அவர்களை ஒரு விடுதியில் வைப்பார்கள், ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அவகாசத்தில் வேறு விடுதிக்கு ஏற்றி அனுப்புவார்கள். கடிதம் பழைய இடத்துக்குப் போகும். அங்கிருப்பவர்கள் குப்பையில் போடுவார்கள். அதனால் வக்கீலிடமும் மருத்துவமனையிலும் இவருடைய முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"சட்டத்தில பிழையில்லை அக்கா, வக்கீலிட்டக் கேட்டுத்தான் செய்யிறன். ஆனால் பாக்கிற ஆக்கள் சந்தேகப்படுவினம், அதாலதான் லாச்சிக்குள்ள போடுறது. நான் வந்த புதிசில ஒரு வருசத்தில அஞ்சு வீடு மாறினனான். விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிட்டுது. நான் போகேல்லை, கேஸை மூடிப்போட்டாங்கள். திரும்ப எடுத்து முடிய ஒன்பது வருசம். என்ர மனிசி அங்க யாழ்ப்பாணத்தில ஒன்பது வருசமும் தனிய இருந்தவ."

பிறகு உறையைத் தூக்கிப் பார்த்தார். "இவருக்கு ஒரு கண் பாதி போயிட்டுது. மற்றக் கண்ணும் மங்குது. வெளிச்சம் பட்டால் குத்துமாம். திகதி எண்டைக்கு எண்டு தெரியேல்லை, ஆற்றையும் கடிதத்தை நான் உடைக்கிறேல்லை."

கறுப்புக் கண்ணாடி. வீட்டு எண்ணைக் குனிந்து பார்த்தது.

"தம்பி, அவர் வந்தாரு" என்றேன். "மூணு மணிக்கு. நான்தான் அப்படி யாரும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆளை அளந்து பார்க்கும் பார்வை இருந்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், அது என்னுடையது.

"ஏன் அக்கா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் காலணியைத் திரும்ப மாட்டினார். "வாங்கோ. முகத்தைப் பாத்தனீங்கள்தானே, தேடுவம்."

கோடைக்காலம், ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். கொப்புளக் காலோடு நானும் நடந்தேன். முதலில் முருகன் கோயிலுக்குப் போனோம். கடிதத்துக்கு வந்தவர் சில நாள் மதியம் அங்கே சாப்பிட வருவார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தவர், "கறுப்புக் கண்ணாடிக்காரரோ? இண்டைக்குக் காணேல்லை" என்றார். பிறகு கடைத்தெருவில் மளிகைக்கடை, தொலைபேசி அட்டை விற்கும் கடை, பேருந்து நிறுத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கேட்ட இடத்திலெல்லாம் பதில் சொல்லுமுன் முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். என் பேச்சும் புடவைக் கட்டும் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று காட்டிக்கொடுத்தன. ஒரு கடைக்காரர் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, "ஆர் அண்ணை இவ? என்னத்துக்கு அவரைத் தேடுறா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

புடவைக்கடையில் கல்லாவில் இருந்த பெண்தான் வழி காட்டினார். "அவர் மன்னார் ஆள் அண்ணை, வேதக்காரர். கோயில்ல சாப்பிட்டாலும் செபத்துக்குச் சேர்ச்சுக்குத்தான் போறவர். செவ்வாய்க்கிழமை தமிழ் ஆக்கள் செபமாலை சொல்லுவினம். போய்ப் பாருங்கோ."

தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில் செபம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரும் அடுக்கிக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல். வீட்டுக்காரரைக் கண்டதும் சிரித்தவர், பின்னால் நின்ற என்னைக் கிட்டே வந்து உற்றுப் பார்த்ததும் நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணை, இவ ஆர்? நான் இவவை எங்கட அகதிக் கேஸைப் பாக்கிற ஹோம் ஆபீஸ் ஆள் எண்டு நினைச்சன். உங்களையும் பிடிச்சுப்போட்டாங்கள் எண்டு நினைச்சன். அதாலதான் போன் சிம்மையும் கழட்டி எறிஞ்சன்."

"எங்கட வீட்டில நிக்கிற அக்கா. டூரிஸ்ட்" என்றார் வீட்டுக்காரர்.

நான் கைகூப்பினேன். "தப்புப் பண்ணிட்டேன் தம்பி. உங்க லெட்டர் உள்ள இருக்குன்னு தெரிஞ்சே இல்லன்னு சொன்னேன்."

வீட்டுக்காரர் கொண்டுவந்த உறையை அவரிடம் நீட்டினார். அவர் அதைக் கிழித்து, படித்துச் சொல்லும்படி வீட்டுக்காரரிடமே கொடுத்தார். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு வரச் சொல்லியிருந்தது. கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை தெளியாது, துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்றும் இருந்தது. வீட்டுக்காரருக்கு அதிகாலை ஷிப்ட், இந்த நேரத்தில் மாற்ற ஏலாது என்றார். மனைவிக்கும் காலை வேலை. மண்டபத்தில் இருந்தவர்களும் ஒவ்வொரு வேலை சொன்னார்கள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கடைசியில், "வேற வழியில்லை" என்றார் கண்ணாடிக்காரர். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

மறுநாள் எலிசபெத் ரயிலில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தார், கடிதத்தைச் சட்டைக்குள் வைத்து மேலே கை வைத்துக்கொண்டு. நான் பாஸ்போர்ட்டை அப்படித்தான் வைத்திருந்தேன். மருத்துவமனையில் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் கேட்டார்: கூட வந்திருப்பவர் உங்களுக்கு என்ன வேண்டும்? அவர் என் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சவ" என்றார்.

மூன்று மணி நேரம் ஆனது. வலது கண்ணில் விழித்திரை கிழிந்திருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். இன்று வராமல் போயிருந்தால் மறுபடி வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கியிருக்கும், அதற்குள் கண் போயிருக்கலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது மருந்து விட்ட கண்களால் அவருக்குப் படி தெரியவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ரயிலில் இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்தார், உட்காருவதற்கு வேறு இடம் தேட அவரால் முடியவில்லை. நிலையங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். மனோர் பார்க்கில் இறங்கியதும், "நீங்கள் பொலிசிலயோ வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"இல்ல, பத்திர ஆபீஸ்ல."

"அதுதான்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் படம் எடுத்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆருக்கு அனுப்பினீங்கள்?" என்று கேட்டார். முதல் முறையாக 'அக்கா' இல்லாமல். அவர் முன்னாலேயே அண்ணனைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். "அழிச்சுட்டேன்மா" என்றார் அண்ணன், உடனே. அவ்வளவு உடனே சொன்னதை நான் நம்பவில்லை, வீட்டுக்காரரும் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மதுரைக்குப் போய் அண்ணன் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். படம் இருந்தது. இரண்டு உறவினர்களுக்கு அனுப்பியும் இருந்தார். எல்லோரிடமும் சண்டை போட்டு அழிக்க வைத்தேன்.

மனோர் பார்க்கில் மீதி இருந்த மூன்று நாளும் தபால் விழுந்தது. இழுப்பறை திறந்தே கிடந்தது, உள்ளே ஸ்பூன்கள் மட்டும். கடிதங்களை அவர்கள் வேறு எங்கோ வைக்கத் தொடங்கியிருந்தார்கள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, நண்டுக் குழம்பு வைத்தார்கள், விமான நிலையத்துக்குப் போகும் ரயில்வரை வந்து வழியனுப்பினார்கள். அந்த முறை வீட்டுக்காரர் கேட்காமலே பெட்டியைக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து குரல் பதிவு வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாம். வலது கண்ணால் பேருந்து எண்ணைத் தூரத்திலிருந்தே படிக்கிறாராம். அதற்குள் அவரை வடக்கே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். "உங்களிட்டச் சொல்லச் சொன்னவர் அக்கா" என்று முடித்திருந்தார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.